வில்லிவாக்கமும் மியாவாடியும்: பாதிக்கப்பட்டவர் என்ற தகுதி யாருக்குக் கிடைக்கிறது?

கேள்வி: "சென்னையில் சமூகப்பணி முதுகலை முடித்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பிக்கப் போகிறேன். நான் அணுக நினைக்கும் பேராசிரியையின் ஆய்வுப் பரப்பு 'பாலினம், பாதிக்கப்பட்டோர் நிலை, நாடு கடந்த குற்றம்' என்று இருக்கிறது. இது பெண் கடத்தலைப் பற்றிய ஆய்வுதானே? சென்னையிலிருந்து நான் கொண்டுபோக என்ன இருக்கிறது?"

பெண் கடத்தல் இதில் ஓர் அத்தியாயம். முழுப் புத்தகமும் அதுதான் என்று எண்ணி விண்ணப்பம் எழுதினால் உங்களுடையது நூற்றோடு நூற்றொன்றாகப் போய்ச் சேரும். இந்தத் துறையினர் தோண்டுவது வேறு சில கேள்விகளை. துன்பப்பட்டவர்களில் யாரைச் சட்டமும் காவல்துறையும் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கின்றன? அந்த ஏற்பில் ஆண், பெண் என்ற கணக்கு எப்படி வேலை செய்கிறது? ஒரு நாட்டில் தொடங்கிய குற்றம் இன்னொரு நாட்டில் முடியும்போது அந்த முடிவு யார் கையில் இருக்கிறது?

நான் எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகளை நடத்துகிறவள். அவ்வப்போது மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் என்பது, பட்ட துன்பத்தை நிறுத்துப் பார்த்துத் தரப்படும் பெயர் என்று நாம் நம்புகிறோம். நடைமுறையில் அது நிபந்தனைகளோடு வழங்கப்படும் ஒரு சட்டத் தகுதி. ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும், ஓர் ஆண் எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்புகளே அந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை. இதைக் காட்டுவதற்குச் சென்னையைவிடப் பொருத்தமான நகரங்கள் குறைவு. அதற்காக மசாஜ் நிலையச் சோதனைகளின் பின்னால் நீங்கள் ஓட வேண்டியதும் இல்லை.

நார்வே குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 'இலட்சியப் பாதிக்கப்பட்டவர்' என்ற கருத்தை முன்வைத்தவர் அவர். நோயாளியான சகோதரிக்குப் பணிவிடை செய்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் மூதாட்டியை ஒரு முரடன் தலையில் அடித்துப் பையைப் பறித்துச் செல்கிறான். அந்தப் பணத்தில் குடிக்கவோ போதைப்பொருள் வாங்கவோ போகிறான். இந்த மூதாட்டியைக் கண்டதும் ஊரே இரங்குகிறது. ஏனென்றால் அவர் பலவீனமானவர். நல்ல காரியமாகப் போய்வந்தவர். போகக்கூடாத இடத்துக்குப் போகாதவர். அடித்தவன் பெரியவன், கெட்டவன். அவருக்கு முன்பின் தெரியாதவன். இதற்கு எதிர்ப்பக்கத்தில் கிறிஸ்டி நிறுத்துவது, மதுக்கூடத்தில் பழகிய ஒருவனிடம் அடிவாங்கிப் பணத்தை இழந்த இளைஞனை. அவனுக்கு விழுந்த அடி மூதாட்டிக்கு விழுந்ததைவிடப் பலமாக இருக்கலாம், இழந்த பணம் அவனுக்கு இன்னும் அவசியமாகக்கூட இருக்கலாம், யாரும் இரங்கப்போவதில்லை. கிறிஸ்டி சென்னையில் இருந்து எழுதியிருந்தால் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன்: புகார் கொடுக்க வரும் பெண்ணுடன் குடும்பத்து ஆண் ஒருவர் வர வேண்டும்.

கிறிஸ்டிக்கு முந்தைய கதை இன்னும் கசப்பானது. ஹான்ஸ் ஃபான் ஹென்டிக், பெஞ்சமின் மெண்டல்சோன் போன்ற முன்னோடிகள் 1940களில் கேட்ட கேள்வியே, குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பங்கு எவ்வளவு என்பதுதான். 1971இல் மெனகெம் அமிர், பிலடெல்பியா காவல்துறைக் கோப்புகளை ஆராய்ந்து, பாலியல் வன்புணர்வுகளில் 19 சதவீதம் பாதிக்கப்பட்டவரால் தூண்டப்பட்டவை என்று எழுதினார். பெண்ணிய ஆய்வாளர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கோப்பை எழுதிய காவலரின் பார்வையையே அறிவியல் என்று அச்சேற்றிவிட்டார் என்பது அவர்களுடைய வாதம். நீங்கள் அணுகப்போகும் பேராசிரியையின் துறை அந்தச் சண்டையில் பிறந்தது. நம் ஊருக்கும் இது புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறைப் பேராசிரியர் கே. சொக்கலிங்கத்தின் முயற்சியில் பாதிக்கப்பட்டோரியலுக்கான இந்தியச் சங்கம் 1992லேயே தொடங்கப்பட்டுவிட்டது. விண்ணப்பத்தில் மேற்கத்தியப் பெயர்களை மட்டும் அடுக்காதீர்கள்.

அடுத்து, நாடு கடந்த குற்றம். இதன் அடிப்படை ஆவணம் 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை. நாடு கடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் துணை ஆவணம் அது; ஆட்கடத்தலைத் தடுப்பதைப் பற்றியது. 2003 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2011இல் ஏற்றது. அதன் முழுப்பெயரிலேயே 'குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள்' என்று இருக்கிறது. அதே சமயத்தில் எழுதப்பட்ட இன்னொரு நெறிமுறை, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பதைப் பற்றியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாவதில் வருகிறவர் பாதிக்கப்பட்டவர். இரண்டாவதில் வருகிறவர் வெறும் குடியேறி. நடைமுறையில் முதல் அறைக்குள் பெண்ணையும் இரண்டாவது அறைக்குள் ஆணையும் தள்ளிவிடுவது அதிகாரிகளுக்கு எளிதாகிவிட்டது.

அந்த நெறிமுறை பேசி முடிக்கப்பட்ட வியன்னாவில் பெண்ணிய அமைப்புகளே இரண்டு அணிகளாக நின்றன. பாலியல் தொழில் முழுவதும் சுரண்டலே என்றது ஓர் அணி. வற்புறுத்தல் இருந்தால் மட்டுமே அது கடத்தல் என்றது இன்னொன்று. கடைசியில் 'பிறருடைய விபச்சாரத்தைச் சுரண்டுதல்' என்ற சொற்களை வரையறுக்காமலே விட்டுச் சமரசம் செய்துகொண்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். குற்றமாக்குவது பற்றிய பிரிவு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. பாதிக்கப்பட்டவருக்கு உதவுவது பற்றிய பிரிவோ 'இயன்ற அளவு', 'தகுந்த நேர்வுகளில்' என்று நழுவுகிறது. அடிப்படையில் இது காவல்துறைக்காக எழுதப்பட்ட ஆவணம். பாதிக்கப்பட்டவர் அதில் முதன்மையாகச் சாட்சி.

இனி சென்னையின் வில்லிவாக்கத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வு இங்கேதான் இருக்கிறது.

1980களில், பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. அதுவரை இரத்த உறவினரின் சிறுநீரகத்தைத்தான் ஓரளவு நம்பிக்கையோடு பொருத்த முடிந்தது. இந்த மருந்துக்குப் பிறகு முன்பின் தெரியாதவருடையதும் பொருந்தியது. முன்பின் தெரியாதவர் என்றால் ஏழை என்று பொருள். வளைகுடாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் நோயாளிகள் பம்பாய்க்கும் மதராசுக்கும் வந்தார்கள். பம்பாயில் விலைக்கு வாங்கிய சிறுநீரகத்துடன் திரும்பிய அமீரக, ஓமான் நோயாளிகளிடையே இறப்பு அதிகமாக இருந்ததை 1990இல் ஒரு மருத்துவ ஆய்வு பதிவுசெய்தது. கவனியுங்கள், முதலில் கவலை எழுந்தது வாங்கியவர்களைப் பற்றி. விற்றவர்களின் கதையை எண்களில் பார்க்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பெயர் விழுந்துவிட்டது. இந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்லும் வழக்கறிஞர்களை இன்றும் பார்க்கிறேன்.

2001 பிப்ரவரியில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுக்கப்பட்ட ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களில் 71 சதவீதம் பெண்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கையில் கிடைத்தது 1,070 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50,000 ரூபாய். தரகர்களும் மருத்துவமனைகளும் சொன்ன தொகையோ இதைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனாளிகள். 86 சதவீதம் பேர் உடல்நலம் கெட்டுவிட்டது என்றார்கள். 79 சதவீதம் பேர் இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள்.

கணவர் இருக்க நீங்கள் ஏன் கொடுத்தீர்கள் என்று அந்தப் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். கணவர்தான் சம்பாதிக்கிறவர் என்றார்கள் 30 சதவீதம் பேர். கணவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள் 28 சதவீதம் பேர். கணவர் வற்புறுத்தினார் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். பலெர்மோ நெறிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பதில்களைப் படித்துப் பாருங்கள். கடத்தல் என்பதற்கு ஒரு செயல், ஒரு வழிமுறை, ஒரு நோக்கம் என மூன்றும் வேண்டும் என்கிறது அது. தரகர் ஆள் சேர்க்கிறார்: செயல் உண்டு. உறுப்பை எடுப்பது: நோக்கம் உண்டு, பலெர்மோ அதைச் சுரண்டல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. வழிமுறை? வற்புறுத்தியவர் ஏறக்குறைய யாருமில்லை. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், ஆனால் அவர் சிறுநீரகத்தைக் கேட்கவில்லை, பணத்தைத்தான் கேட்டார். கணவர் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. 'எளிதில் தாக்கப்படக்கூடிய நிலையைப் பயன்படுத்துதல்' என்ற சொற்றொடர் நெறிமுறையில் இருக்கிறது. இவர்களை உள்ளே கொண்டுவர அந்த ஒரு கதவுதான் உண்டு.

இந்தியச் சட்டம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. ஆட்கடத்தலைப் பற்றி 2013இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, எளிதில் தாக்கப்படக்கூடிய நிலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. உறுப்பு விஷயத்தில் 'வலுக்கட்டாயமாக எடுப்பது' என்றும் நிபந்தனை போடுகிறது. இன்னொரு பக்கத்தில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இருக்கிறது. உறுப்புக்காகப் பணம் கொடுத்தவரையும் வாங்கியவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 5 முதல் 10 ஆண்டுச் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் அபராதம். 50,000 ரூபாய்க்குக் கிட்னியை விற்றவருக்கு 20 லட்சம் அபராதம்! ஆக, வில்லிவாக்கத்துப் பெண் வாயைத் திறந்தால் குற்றவாளி. திறக்காவிட்டால் தரகர்மீது வழக்கே இல்லை. அவர் பாதிக்கப்பட்டவராக வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு: என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் வாக்குமூலங்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்று நீதிபதிகள் சலித்துக்கொள்வார்கள். வேறு எப்படி இருக்கும்?

மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் 1990களின் இறுதியில் இதே பகுதிகளில் செய்த ஆய்வு, பாலினக் கணக்கை இன்னும் ஆழமாகக் காட்டுகிறது. அவர் சந்தித்த பெண்கள் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அரசுத் திட்டங்கள் கருத்தடையைப் பெண்ணின் உடம்பிலேயே செய்து முடித்துவிட்ட மாநிலம் இது. குடும்பத்துக்காகக் கத்திக்குக் கீழே படுப்பது பெண்ணின் வேலை என்பது அதற்குள் பழகிப்போயிருந்தது. கிட்னி விற்கும் பகுதி என்று தெரிந்ததும் வட்டிக்குக் கொடுப்பவர்கள் இன்னும் துணிந்து கடன் கொடுத்து, இன்னும் கடுமையாகத் திருப்பிக் கேட்டார்கள் என்பதையும் அவர் பதிவுசெய்தார். விற்க வாய்ப்பு இருந்ததாலேயே கடன் பெருகியது. ஏழையின் சுதந்திரமான தெரிவு என்று பேசும் பொருளாதாரக்காரர்களுக்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது இந்த ஒரு அவதானிப்பைத்தான்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆழிப்பேரலையில் வீடிழந்து எர்ணாவூர் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்ட மீனவப் பெண்கள் பலர் கிட்னியை விற்றது 2007இல் வெளியே வந்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளர்கள் செய்தியானார்கள். சட்டம் வந்ததால் ஏற்பட்ட மாற்றம், விற்பனை 'பாசம்' என்ற பெயரில் அங்கீகாரக் குழுவின் முன் போய் நிற்க வேண்டியதாயிற்று என்பதே. உறவினர் அல்லாதவர் கொடுக்க வேண்டுமென்றால் பாசத்தாலோ பற்றாலோ கொடுக்கிறேன் என்று குழுவுக்கு நிரூபிக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண் முதலாளியம்மாமீது வைத்த பாசம் எத்தனை கோப்புகளில் இருக்கிறதோ! முழுக்கச் சட்டப்படி நடக்கும் தானத்திலும் இதே சாய்வுதான். 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிருடன் உறுப்பு கொடுத்தவர்களில் ஏறக்குறைய 64 சதவீதம் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மை ஆண்கள். குற்றத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே சட்டம் போட்ட கோடு, பெண்ணுடம்பின் விஷயத்தில் இவ்வளவு மெல்லியது.

வளைகுடா வீட்டு வேலையில் இதே கணக்கு பாதுகாப்பு என்ற வடிவத்தில் வருகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். பெண்ணாக இருந்தால் 30 வயதும் ஆகியிருக்க வேண்டும். 2016 முதல் இத்தகைய பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் வேலைக்கு அனுப்ப முடியும். தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். எழுதியவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் 26 வயதில் கடன் கழுத்தை நெரிக்கும் பெண் 30 வரை காத்திருக்க மாட்டார். முகவர் அவரைச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறார். குவைத்தில் சம்பளம் வராமல், பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டு, வீட்டைவிட்டு வெளியேறும் நாளில் அவர் அந்த நாட்டின் கண்ணுக்கு ஓடிப்போனவர், விசா விதியை மீறியவர். ஊர் திரும்பினால் நம் அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வி, நீ ஏன் முறைப்படி போகவில்லை என்பது. கிறிஸ்டியின் மூதாட்டி போகக்கூடாத இடத்துக்குப் போகாதவர் என்று பார்த்தோம் அல்லவா? இந்தப் பெண்ணுக்குப் போகக்கூடாத இடத்தை உருவாக்கியதே பாதுகாப்பு விதிதான்.

பாலியல் தொழில் சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்; எழுதியவர்கள் ஏராளம். துப்பட்டாவால் முகத்தை மூடியபடி பெண்கள் வேனில் ஏறும் படத்தை நாளிதழ்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மீட்கப்பட்ட பெண்ணை 1 முதல் 3 ஆண்டுகள் வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க நடுவர் உத்தரவிடலாம். குற்றம் செய்யாதவருக்கு மூன்று ஆண்டுகள். தரகருக்குச் சில நாட்களில் ஜாமீன். புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், தம் விருப்பத்துக்கு எதிராக இந்த இல்லங்களில் வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வெளிநாட்டுப் பெண் என்றால் சிக்கல் இரட்டிப்பு: கடத்தல் வழக்கில் அவர் சாட்சி, விசா வழக்கில் குற்றவாளி. இந்தப் பகுதியில் ஆழமாகப் போக விரும்பினால், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் சட்டப் பேராசிரியை பிரபா கோட்டீஸ்வரனின் எழுத்துகளைப் படியுங்கள். கொல்கத்தாவின் சோனாகாச்சியிலும் திருப்பதியிலும் களஆய்வு செய்தவர். தண்டனைச் சட்டத்தை மட்டும் நம்பாமல் தொழிலாளர் சட்டத்தின் வழியே சுரண்டலை அணுக வேண்டும் என்பது அவருடைய வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தொழிலாளர் ஆய்வாளர் என்று ஒருவர் உண்மையில் இயங்கும் நாட்டில்தான் அந்த வாதம் முழுதாக நிற்கும்.

இப்போது ஆண்கள். பாலினம் என்றதும் பெண்ணை மட்டும் நினைப்பது இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்களின் வழக்கமான சறுக்கல். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் பாங்காக் போய் இறங்கிய தமிழ் இளைஞர்கள், மே சோட் எல்லை ஆற்றைத் தாண்டி மியான்மாரின் மியாவாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டது 2022இல் இங்கே பெரிய செய்தியானது. மியான்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி வேலை வாங்கப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. பெரும்பாலோர் ஆண்கள் என்றும் சொன்னது. 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்துவரப்பட்டார்கள்.

இவர்கள் அங்கே செய்த வேலை என்ன? பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, தனிமையில் இருக்கும் ஆண்களிடம் காதல் மொழி பேசி, பணத்தைப் போலி முதலீட்டில் போடவைப்பது. இலக்கை எட்டாதவருக்கு அடி, மின்னதிர்ச்சி. விடுதலை வேண்டுமென்றால் மீட்புப் பணம், அல்லது ஊரிலிருந்து இன்னொருவரை வரவழைத்துத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவரும் குற்றவாளியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நம் சட்டம் திணறுகிறது. கடத்தப்பட்டவர் அந்த நிலையில் செய்த குற்றத்துக்குத் தண்டிக்கப்படக்கூடாது என்ற கொள்கை பலெர்மோவில் இல்லை; ஆட்கடத்தலுக்கு எதிரான 2005ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கையில் 26ஆம் பிரிவாக இருக்கிறது. இங்கே நமக்கு இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவு. உடனடி மரணம் நேரும் என்ற அச்சம் இருந்தால்தான் அது காப்பாற்றும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மின்னதிர்ச்சி கொடுத்தால் அது 'உடனடி' ஆகுமா என்று எந்த வழக்கறிஞரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்.

ஆணுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பேராசைப்பட்டுப் போனான், ஏமாந்தான் என்று ஊர் முடித்துவிடுகிறது. அவரும் அதையே ஏற்றுக்கொள்கிறார். அடிவாங்கினேன் என்று சொல்வதைவிட ஏமாந்தேன் என்று சொல்வது ஆணுக்குச் சுலபம். தங்குமிடத் திட்டங்கள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என வகுக்கப்பட்டவை. கொத்தடிமை மீட்புக்கான 2016ஆம் ஆண்டு மத்தியத் திட்டம் இதை ரூபாய்க் கணக்கிலேயே எழுதிவைத்திருக்கிறது: வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நேர்வுகளுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம். அதிலும் முழுத் தொகை குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தண்டனை கிடைத்தால்தான். செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளையில் கணவனும் மனைவியும் ஒரே மண்ணைத்தான் மிதிக்கிறார்கள். பெண்ணுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு நியாயம் உண்டு என்றே நான் வாதிடுவேன். ஆனால் அந்த நியாயத்தைத் திட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

கடத்துகிற பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். கடத்தல்காரர்களின் பாலின விவரம் தந்த நாடுகளில் 30 சதவீதத்தில் பெண்களே பெரும்பான்மை என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2009இல் எழுதியபோது பலருக்கும் அதிர்ச்சி. சென்னையில் இருப்பவர்களுக்கு அதிர்ச்சி வேண்டாம். தான் கிட்னி விற்ற பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தரகரிடம் அழைத்துப்போனவர், குவைத்திலிருந்து திரும்பி ஊர்ப் பெண்களுக்கு விசா ஏற்பாடு செய்பவர் எல்லோரும் இந்தத் தொழிலின் கீழ்ப்படியில் இருப்பவர்கள். தெருவில் முகம் தெரிந்தவர்கள் என்பதால் முதலில் பிடிபடுபவர்களும் அவர்களே. மேலே இருப்பவர் வேறு நாட்டில் இருக்கிறார்.

விண்ணப்பத்துக்கு வருவோம். 'கடத்தப்பட்ட பெண்களின் அனுபவங்கள்' என்று தலைப்பு வைக்காதீர்கள். தொண்டு நிறுவனம் ஒன்று தன் இல்லத்திலிருந்து பத்துப் பெண்களை உங்களிடம் பேசவைக்கும்; அவர்கள் ஏற்கெனவே பலமுறை கதை சொல்லப் பழக்கப்பட்டவர்கள், அந்தக் கதைகள் நன்கொடையாளருக்கும் நீதிமன்றத்துக்கும் ஏற்ற வடிவத்தில் இருக்கும். அதைவிட, பாதிக்கப்பட்டவர் என்ற தகுதியை வழங்கும் இடங்களை ஆராயுங்கள். அங்கீகாரக் குழு எத்தனை விண்ணப்பங்களை ஏற்றது, எத்தனையை மறுத்தது, கொடுப்பவர் ஆணா பெண்ணா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பெயர்களை நீக்கிக் கேளுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழங்கிய இழப்பீட்டின் ஆண், பெண் பிரிவைக் கேளுங்கள். 143ஆம் பிரிவு வழக்குகளின் தீர்ப்புகளையும் உறுப்பு மாற்றுச் சட்ட வழக்குகளின் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விற்றவரை நீதிபதி எந்தச் சொற்களால் குறிக்கிறார் என்று பாருங்கள். ஐ.நா.வின் 2024 ஆட்கடத்தல் அறிக்கையில் கண்டறியப்பட்டவர்களில் 61 சதவீதம் பெண்களும் சிறுமிகளும் என்று வருவதை மேற்கோள் காட்டும்போது, கண்டறியப்பட்டவர் என்றால் காவல்துறை தேடிய இடத்தில் கிடைத்தவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நேர்காணல் தவிர்க்க முடியாதென்றால், கிட்னி விற்றவர்களிடம் பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர்கள் உங்களிடம் சொல்வது 19ஆம் பிரிவின்படி குற்ற ஒப்புதலாகப் படிக்கப்படலாம். உங்கள் ஒலிப்பதிவைக் காவல்துறை கேட்டால் தரமாட்டேன் என்று சொல்ல இந்தியாவில் ஆய்வாளருக்குத் தனிச்சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பெயர், தெரு, மருத்துவமனை எதையும் பதிவுசெய்யாதீர்கள். பேச வருகிறவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருவார். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பணம் கொடுத்தால் சம்மதம் கெட்டுவிடும் என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழு ஆட்சேபிக்கும். அதற்கு எழுத்துமூலம் பதில் தயாராக வைத்திருங்கள். அந்தக் கடிதப் போக்குவரத்துக்கே சில மாதங்கள் பிடிக்கும், ஆகவே முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.